பிழை பூஜ்யம்

"ஓட ஓடச் சரியாயிடும் சார்."

இருபத்தெட்டு வருஷமாக லிஃப்ட் பழுதுபார்க்கிற ஒரு மனிதரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே தொங்கும் பெட்டிக்குள் நாலு பேரை வைத்துக்கொண்டு, 'ஓட ஓடச் சரியாயிடும்' என்று எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை. சொன்னால், சொன்ன வாய் மூடுமுன் ஓட வேண்டியிருக்கும்.

"எது சரியாயிடும்?" என்றார் லிஃப்ட்காரர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது நினைவில்லை. மனைவிக்குக்கூடக் கோபம் வந்தால் அவர் லிஃப்ட்காரர்தான்.

"உங்க எஞ்சின்தான். புதுசா கிரைண்ட் பண்ணின ஷாஃப்ட், புது பேரிங். முதல்ல இறுக்கமாத்தான் இருக்கும். கவலைப்படாம ஸ்டார்ட் பண்ணி ஒரு ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க. தானா எடம் பண்ணிக்கும்."

இதைச் சொன்னவர் சுழல் நாற்காலியில் இருந்த பட்டறை முதலாளி. முதலாளி என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது, 'எம்.டி.' என்று கூப்பிட வேண்டும். பட்டறை என்று சொன்னாலும் பிடிக்காது. வாசலில் 'கிராங்க் கிரைண்டிங்' என்று இரண்டே சொல்லில் இருந்த பலகையை இறக்கிவிட்டு, 'அதிநுட்பத் துல்லியத் தீர்வுகள்' என்று ஏற்றியிருந்தார். வருகிற வண்டிக்காரர்கள் பலகையை இரண்டு முறை படித்துவிட்டு, "இங்கதானேங்க முந்தி கிராங்க் கிரைண்ட் பண்ணுவாங்க, அவங்க எங்க போயிட்டாங்க?" என்று அவரிடமே விசாரித்தார்கள். நீல நிறக் கோட்டு, பையில் மூன்று பேனா. அந்தக் கோட்டில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை கிடையாது. பட்டறையில் அது ஒன்றுதான் உண்மையிலேயே அதிசயம்.

"எடம் பண்ணிக்காம எரிஞ்சு போச்சுன்னா?"

"எரியாது."

"எரிஞ்சா?"

"எரிஞ்சா எண்ணெய் சரியில்லைன்னு அர்த்தம்," என்றார் எம்.டி., பேனாக்களில் ஒன்றை எடுத்து, மூடியைத் திறக்காமல் திரும்பச் செருகிக்கொண்டு.

லிஃப்ட்காரரின் காதிரண்டும் சிவந்தன. எரிந்து போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

அது அவரைவிடப் பதினோரு வயது மூத்த கார். அவர் அதை முதலில் பார்த்தபோது பின் சீட்டில் கோழிகள் குடியிருந்தன. கோழிகளைக் காலி பண்ண வைக்க ஒரு வாரம், துருவைக் காலி பண்ண வைக்க மூன்று வருஷம். கடைசியாக எஞ்சினைப் பிரித்தபோது கிராங்க் ஷாஃப்ட் தேய்ந்து கிடந்தது. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிப்பதைச் சக்கரச் சுற்றாக மாற்றித் தருகிற தண்டு அது; அதன் கழுத்துகள், அதாவது பேரிங்குக்குள் உட்கார்ந்து சுழலும் இடங்கள், உருண்டையாக இருக்க வேண்டும். இதில் முட்டையாக இருந்தன. கோழிகளின் நினைவாக என்றாள் மனைவி.

அதற்கு வைத்தியம் தெரிந்ததுதான். கழுத்தைச் சாணைக்கல்லில் கொடுத்து மறுபடி உருண்டையாக்கலாம். எவ்வளவு மெலிகிறதோ அவ்வளவு தடித்த பேரிங் போட வேண்டும். பேரிங் என்பது இங்கே உருண்டைகள் வைத்த வளையமல்ல; மிருதுவான உலோகம் பூசிய இரண்டு அரைவட்டத் தகடுகள். அந்தக் காருக்கான தகடுகளைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருஷம் கடிதம் எழுதி, மூடப்போகிற ஒரு உதிரிபாகக் கடையின் பரண்மேல் ஒரே ஒரு செட் கிடைத்தது. பெட்டியில் '20' என்று போட்டிருந்தது. கழுத்தை இருபது தௌ மெலிதாக்கினால் பொருந்தும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் கனம் சுமார் மூன்று தௌ. "உங்களுக்கு உதாரணம் சொல்லவும் வேற ஆளைத்தான் தேடணும்," என்று அவர் தலையைப் பார்த்துச் சொன்னாள் மனைவி.

உலகத்தில் வேறு செட் இருக்கலாம். அவருக்குத் தெரிந்த உலகத்தில் இல்லை. இது எரிந்தால் கார் திரும்பக் கோழிகளுக்குத்தான்.

அதனால்தான் தெருக்கோடி லேத்தை விட்டுவிட்டு, ஊரிலேயே பெரிய இடம் என்று இங்கே வந்தார். போன மாதம் முதல் தடவை வந்தபோது வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குளிரூட்டிய கூடம். டோக்கன் தரும் மெஷின். சுவர் அகலத்துக்குப் பெரிய எழுத்தில், 'பிழை பூஜ்யம்.' அதற்குக் கீழே சட்டமிட்ட தரச்சான்றிதழ். பூஜ்யம் என்றால் வணங்கத்தக்கது என்றும் பொருள், ஒன்றுமில்லை என்றும் பொருள். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டு எம்.டி. பேசும்போது எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்று கேட்பவருக்குக் குழப்பமாக இருக்கும்.

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பேழை. அதற்குள் நீல வெல்வெட் துணியில், கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு மூன்று சிறு எஃகுத் தண்டுகள் படுத்திருந்தன.

"ஸ்டாண்டர்டு ராடு," என்றார் அன்றைக்கு எம்.டி., குரலைத் தாழ்த்தி, தூங்குகிற குழந்தையைக் காட்டுகிற மாதிரி. "நடுவுல இருக்கறது சரியா ரெண்டு அங்குலம். காலையில மெஷின் ஓடறதுக்கு முன்னாடி கனம் அளக்கற எங்க மைக்ரோமீட்டரை இதோட அளவுக்குப் பொருத்தித்தான் பூஜ்யம் பண்ணுவோம். அப்புறம்தான் அளவு. நம்ம சிஸ்டத்துல மனுஷனே கிடையாது சார். மனுஷன் இருந்தாத்தானே தப்பு?"

மனுஷன் ஒருவர் இருந்தார். உள்ளே சாணை மெஷின் பக்கத்தில், ஊதினால் பறந்துவிடுகிற உடம்போடு. எல்லாரும் அவரை 'மைக்ரான்' என்று கூப்பிட்டார்கள். சிஸ்டத்தில் இல்லாததால் எம்.டி. அவரை அறிமுகப்படுத்தவில்லை.

அன்றைக்கே கூடத்தில் தண்ணி லாரிக்காரர் ஒருவர் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பைக்குள் கருகிப்போன பேரிங் தகடுகள். "போட்டு ரெண்டு வாரம்கூட ஆகலைம்மா," என்று ரிசப்ஷன் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "எண்ணெய் சரியில்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்குங்க," என்றாள் அவள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. லிஃப்ட்காரர் லாரிக்காரரை மேலும் கீழும் பார்த்தார். மட்டமான எண்ணெயை ஊற்றிவிட்டு அடுத்தவன்மேல் பழிபோடுகிற ஜாதி என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதி, பெரிய இடத்து வாடிக்கையாளருக்கு உரிய மிடுக்கோடு நகர்ந்து போய் உட்கார்ந்தார்.

அந்த மிடுக்கு மூன்று வாரம் தாங்கியது. ஷாஃப்ட் வந்தது. தகடுகளைப் பதித்து, எண்ணெய் விட்டு, ஷாஃப்ட்டைப் படுக்க வைத்து, மூடிகளை இறுக்கினார். ஒரு விரலால் தள்ளினால் சுற்ற வேண்டிய தண்டு இரண்டு கையால் தள்ளியும் அசையவில்லை. முழ நீளக் கம்பியை மாட்டி நெம்பினால், வேண்டாவெறுப்பாக ஒரு கால் சுற்று வந்தது. எல்லாவற்றையும் பிரித்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்த தன் பழைய மைக்ரோமீட்டரை எடுத்து, அதன் கூடவே வந்த ஸ்டாண்டர்டு ராடில் பூஜ்யம் செய்து அளந்தார். ஒவ்வொரு கழுத்திலும் இரண்டு தௌ கூடுதல். எண்ணெய்க்கு என்று விட வேண்டிய சந்தே அந்த இரண்டு தௌதான். அது அடைபட்டால் உலோகத்தோடு உலோகம் உரசும். உரசினால் பத்து நிமிஷமோ, பத்து நாளோ. அப்புறம் லாரிக்காரர் பையில் இருந்த கரி.

அந்த ஷாஃப்ட்டோடுதான் இன்று இந்தச் சுழல் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தௌ ஜாஸ்தி இருக்கு," என்றார் மூன்றாவது முறையாக.

"எதுல அளந்தீங்க?"

லிஃப்ட்காரர் மரப்பெட்டியைத் திறந்து காட்டினார். எம்.டி. அதைத் தொடாமல், எட்டிப் பார்த்தார்.

"எங்க வாங்கினது?"

"ஒரு பழைய ஒர்க்ஷாப் ஏலத்துல."

"சர்ட்டிஃபிகேட்?"

"அளவு சரியா இருக்கு. சர்ட்டிஃபிகேட் எதுக்கு?"

எம்.டி. சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. பல் இல்லாத குழந்தை பழமொழி சொன்னால் சிரிப்பார்களே, அப்படி. "மைக்ரானைக் கூப்பிடு. சார் கண்ணு முன்னாடியே அளக்கட்டும்."

மைக்ரான் வந்தார். பேழையைத் திறந்து, பளபளக்கும் தண்டை வெள்ளைக் கையுறையால் எடுத்து, மைக்ரோமீட்டரைப் பூஜ்யம் செய்து, ஷாஃப்ட்டை அளந்தார். எம்.டி. உரக்க வாசித்தார். முடி அளவுகூடப் பிசகில்லை. எழுதிக் கொடுத்த அளவு அப்படியே இருந்தது.

"இப்ப என்ன சொல்றீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்த மாதிரி இருக்கு சார் நீங்க பேசறது."

"கூடம் கோணலா இருந்தாலும் இருக்கும்ல?"

"இது எட்டு மாசம் முன்னாடி நிபுணர் குழு வந்து பாத்துப் பாராட்டிட்டுப் போன கூடம். எடுத்துட்டுப் போய் ஓட்டுங்க. அடுத்த டோக்கன்!"

மைக்ரான் மட்டும் அங்கேயே நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, எம்.டி.யின் பேனாக்களைப் பார்த்துவிட்டு மென்று விழுங்கினார்.

வீட்டுக்கு வந்த லிஃப்ட்காரர் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே மனைவி விஷயத்தைப் புரிந்துகொண்டாள். ஒரு செருப்பு வாசலில், இன்னொன்று தையல் மெஷினுக்கு அடியில். முன்னறையில் அவள் தையல் கடை. கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, வாயில் குண்டூசியோடு ஒரு பள்ளிச் சீருடைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவனும் அளக்கறான், நானும் அளக்கறேன். ஒரே ஷாஃப்ட். ரெண்டு அளவு!"

"நீங்க ஷாஃப்ட்டை அளக்கறீங்க. அவரு கதை அளக்கறாரு," என்றாள் குண்டூசியை எடுத்துவிட்டு.

"கதை இல்லடி. என் கண்ணு முன்னாடி அளந்து காட்டினான். எழுதினது அப்படியே வருது. அதான் வயித்தெரிச்சல். ஒரு வேளை என் மைக்ரோமீட்டர்தான்..."

அவள் தையலை நிறுத்தினாள். "அவங்க தேய்ச்சது எதை வெச்சு அளந்து?"

"அவங்க மைக்ரோமீட்டரை வெச்சு."

"இன்னிக்கு உங்களுக்குக் காட்டினது?"

"அதே மைக்ரோமீட்டர்தான்."

"பின்ன எப்படித் தப்பு தெரியும்?" அவள் கழுத்து டேப்பை உருவி அவர் முன்னால் ஆட்டினாள். "என் பழைய டேப் நீண்டு போச்சே, ஞாபகம் இருக்கா? ஆறு மாசம் எனக்கே தெரியலை. உடம்பை அளந்ததும் அந்த டேப், துணியை வெட்டினதும் அந்த டேப். எல்லாம் கச்சிதமா இருந்துச்சு. ஒரு நாள் ஒருத்தி வேற கடையில அளவெடுத்த சீட்டோட வந்தா. சீட்டுப்படி தெச்சேன். சட்டைக்குள்ள அவளும் அவ தங்கச்சியும் சேர்ந்து நுழையலாம் போல இருந்துச்சு. ஒரு வாரம் 'நீதான் இளைச்சுட்டே'ன்னு அவளைத் திட்டினேன். அப்புறம்தான் டேப்பை அளந்தேன்."

லிஃப்ட்காரர் மெஷினுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து, வாசல் செருப்போடு ஜோடி சேர்த்தார். அவருடைய தகடுகள் வேறு கடைச் சீட்டு. எங்கோ, எப்போதோ, வேறொரு நேர்மையான அளவுகோலில் அளந்து செய்தவை. அதனால்தான் பொருந்தவில்லை.

"அந்த ஆளோட டேப்பை அளங்க," என்றாள் அவள். "ஆனா உங்களுதை வெச்சு அளக்காதீங்க. நம்ப மாட்டாரு. அவரே கும்பிடற எதையாவது வெச்சு அளங்க."

மறுநாள் காலை லிஃப்ட்காரர் ஷாஃப்ட்டோடும், மரப்பெட்டியோடும், பட்டறைக்கு எதிர்க்கடையில் வாங்கிய ஒரு சின்னப் பொட்டலத்தோடும் போனார். கூடத்தில் தண்ணி லாரிக்காரர் அதே துணிப்பையோடு, இன்னொரு டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட்காரர் இந்தத் தடவை நகர்ந்து உட்காரவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது.

பொட்டலத்தை எம்.டி.யின் மேசைமேல் வைத்தார். மோட்டாருக்குப் போடுகிற சாதாரண பால் பேரிங்; உருண்டைகள் வைத்த வளையம். முத்திரை பிரிக்காதது.

"இந்தக் கம்பெனி சரக்கு எப்படி சார்? நம்பலாமா?"

இலவசமாகக் கருத்துச் சொல்லும் வாய்ப்பை எம்.டி. எந்தக் காலத்திலும் தவறவிட்டதில்லை. "இதையா கேக்கறீங்க? உலகத் தரம்! வெளி வட்டம் அம்பத்திரண்டு மில்லின்னு போட்டிருந்தா அம்பத்திரண்டுதான். அரைத் தௌகூடப் பிசகாது. எங்களை மாதிரி இடங்களுக்கே இவங்கதான் முன்மாதிரி."

"அப்ப நீங்களே பிரிங்க. உங்க மைக்ரோமீட்டர்லயே அளக்கச் சொல்லுங்க."

எம்.டி.க்கு இது எங்கே போகிறது என்று புரியவில்லை. ஆனால் முன்மாதிரியை அளப்பதில் அவமானம் ஒன்றும் இல்லையே. பிரித்தார். மைக்ரான் வந்தார். பேழை திறந்தது, வெள்ளைக் கையுறை, வெல்வெட், பூஜ்யம். வளையத்தை அளந்தார். அளவைப் பார்த்ததும் மைக்ரானின் உதடு ஓரத்தில் ஏதோ ஒன்று துடித்தது.

"சொல்லுப்பா."

"அம்பத்திரண்டு மில்லின்னா ரெண்டு அங்குலம் நாப்பத்தேழு தௌ வரணும் சார். நாப்பத்தஞ்சுதான் வருது."

"ரெண்டு தௌ கம்மி," என்றார் லிஃப்ட்காரர்.

எம்.டி. வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தேய்ஞ்சிருக்கும்," என்றார் எம்.டி.

லிஃப்ட்காரர் எழுந்தே விட்டார். "தேய்ஞ்சிருக்குமா! பொட்டலத்துக்குள்ளயே ஓடித் தேய்ஞ்சுதா? ஓட ஓடச் சரியாயிடும்னீங்களே, இது என்ன, ஓடாமயே கெட்டுப் போச்சா? ஒரு நிமிஷம் முன்னாடி உலகத் தரம். உங்க கைப்பட்டதும் தேய்ஞ்ச சரக்கா?"

"சத்தம் போடாதீங்க. வெளியே கஸ்டமர்ஸ் இருக்காங்க."

"இருக்காங்கன்னுதான் போடறேன்!"

அவர் மரப்பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணிக்குள்ளிருந்து தன் ஸ்டாண்டர்டு ராடை எடுத்து, வெல்வெட்டில் கிடந்த தண்டின் பக்கத்தில் வைத்தார். அது மங்கிப் போன சாம்பல் நிறம். ஏழை வீட்டுச் சாவி மாதிரி இருந்தது. பக்கத்தில் எம்.டி.யின் தண்டில் எம்.டி.யின் முகமே தெரிந்தது.

"ரெண்டும் ஒரே காலத்துச் சரக்கு. ஒரே எழுத்து பொறிச்சிருக்கு பாருங்க," என்றார் லிஃப்ட்காரர். "உங்களுது மட்டும் எப்படி இப்படிப் பளபளன்னு இருக்கு?"

எம்.டி. பெருமையை அடக்க முடியாமல் சொல்லிவிட்டார். "பராமரிப்பு."

"குரோம்," என்றார் மைக்ரான்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். மைக்ரான் கையுறைகளை ஒவ்வொரு விரலாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எட்டு மாசம் முன்னாடி சர்ட்டிஃபிகேட்காரங்க வராங்கன்னு கதவுப் பிடி, நாற்காலிக் கால், டோக்கன் மெஷின் எல்லாத்தையும் குரோம் முலாம் பூச அனுப்பினோம் சார். கூடவே இந்த மூணு ராடும் போச்சு. மங்கலா இருக்கு, பேழையில வெச்சா எடுப்பா இருக்காதுன்னு. ஒரு முனைக்கு ஒரு தௌ கனம் ஏறியிருக்கும். ரெண்டு முனை."

இரண்டு அங்குலம் என்று பெயர் பொறித்த தண்டு, இரண்டு அங்குலமும் இரண்டு தௌவுமாக வெல்வெட்டில் படுத்திருந்தது. எட்டு மாசமாகத் தினமும் காலையில் பட்டறை தன் பூஜ்யத்தை அதனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஷாஃப்ட்டும் இரண்டு தௌ தடிப்பாகப் போனது. பிழை பூஜ்யம் என்று சுவரில் எழுதியிருந்ததில் பொய் ஒன்றும் இல்லை. பிழை பூஜ்யத்தில்தான் இருந்தது.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்றார் எம்.டி. மைக்ரானிடம்.

"என் கைக்குத் தெரிஞ்சுது சார். தடிப்பா இருக்குன்னு வந்து சொன்னேன். 'உன் கைக்கு சர்ட்டிஃபிகேட் இருக்கா'ன்னு கேட்டீங்க."

எம்.டி. கொஞ்ச நேரம் தன் தண்டில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் வந்துவிடும் என்று லிஃப்ட்காரர் எதிர்பார்த்தார். அவருக்கு ஆட்களைத் தெரியவில்லை. வந்தது படிவம்.

"சரி சார். நல்லெண்ண அடிப்படையில உங்க ஷாஃப்ட்ல இன்னும் ரெண்டு தௌ எடுத்துத் தரோம். இலவசமா. ஒரு ஃபார்ம் மட்டும் நிரப்பிடுங்க. 'வாடிக்கையாளர் கோரிய அளவு மாற்றம்.' காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல 'எனது விருப்பத்தின் பேரில்'னு எழுதிடுங்க."

"என் விருப்பமா! தப்பு பண்ணினது நீங்க!"

"தப்புன்னு ஒரு ஃபார்ம் நம்ம சிஸ்டத்துல கிடையாது சார். ஃபார்ம் இல்லாம மெஷின் ஓடாது. யோசிச்சுச் சொல்லுங்க." தொலைபேசி அடித்தது. அவர் சுழல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் ஷாஃப்ட்டைப் பார்த்தார். அதிகமாக எடுத்திருந்தால் செத்தது; குறைவாக எடுத்ததால் உயிர் இருக்கிறது. இரண்டே தௌ. அதை எடுக்கத் தெரிந்த மனிதர் பத்தடியில் நிற்கிறார். ஒரு கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. கோழிகளுக்குக் கார் இல்லை. அப்புறம் அடுத்த டோக்கன்காரர் வருவார், எண்ணெய் சரியில்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பிப் போவார்.

ரிசப்ஷன் பெண் படிவத்தோடு வந்தாள். வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று மூன்று தாள், நடுவில் கார்பன். லிஃப்ட்காரர் பேனா கேட்டார். அவளிடம் இல்லை. எம்.டி.யின் பையிலிருந்து அவளே ஒன்றை உருவிக் கொடுத்தாள். அவர் பேச்சு சுவாரஸ்யத்தில் கவனிக்கவில்லை. திறந்து எழுதினால் எழுதவில்லை. இரண்டாவதும் எழுதவில்லை. மூன்றாவது எழுதியது.

காரணம் என்ற கட்டத்தில், மூன்று தாளிலும் பதியும்படி அழுத்தி எழுதினார்:

'இந்த நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு ராடுகளுக்கு அழகுக்காகக் குரோம் முலாம் பூசியதால், எட்டு மாதமாக இங்கே கிரைண்ட் செய்த ஷாஃப்ட்டுகள் எல்லாம் இரண்டு தௌ கூடுதலாக இருக்கின்றன.'

கீழே கையெழுத்து, அப்பா அம்மா வைத்த முழுப் பெயரோடு.

அந்தப் பெண் படித்தாள். ஒரு முறை அவரைப் பார்த்தாள். எட்டு மாசமாக எண்ணெய் சரியில்லை என்று எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்லிவந்தவள் அவள்தான். எம்.டி.யின் முன்னால் தாளை நீட்டினாள். அவர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. தன்னுடையதையும் போட்டார். அவருடைய சிஸ்டத்தில் படிவங்கள் நிரப்பப்பட வேண்டியவை. படிக்கப்பட வேண்டியவை என்று யாரும் சொன்னதில்லை. அவள் முத்திரையை மையில் நன்றாக ஒற்றி, வழக்கத்தைவிட ஓங்கிக் குத்தினாள். 'பிழை பூஜ்யம்' என்று பளிச்சென்று விழுந்தது.

"மஞ்சள் தாள் உங்களுக்கு சார்," என்றாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

மைக்ரான் மெஷினை ஓட்டினார். மைக்ரோமீட்டரை அந்த மங்கல் தண்டில் பூஜ்யம் செய்தபோது, கையுறை போட்டுக்கொள்ளவில்லை. வெண்ணெயில் நூல் இறங்குகிற மாதிரி கல் உலோகத்தைத் தொட்டது. ஒவ்வொரு கழுத்துக்கும் அவர் முதலில் விரலால் தடவிப் பார்த்தார், பிறகுதான் அளந்தார். இரண்டும் ஒன்றையே சொல்லின.

"அந்த ராடை ரெண்டு நாள் வெச்சுட்டுப் போங்க சார்," என்றார் மெதுவாக. "பூட்டி வெச்சுக்கறேன். கண்ணாடிப் பெட்டியில வைக்க மாட்டேன்."

லிஃப்ட்காரர் கொடுத்தார்.

மறுநாள் மூடிகளை இறுக்கியபோது மனைவியின் ஒற்றை விரலுக்கே ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "இதுக்கா இவ்வளவு?" என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அது மறுநாள் சமாசாரம். இன்றைக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது.

"பின்பக்கம் ஷட்டர் இருக்கு, அந்த வழியா வண்டியில ஏத்திக்கலாமே," என்றார் எம்.டி., போனின் வாயைப் பொத்திக்கொண்டு.

லிஃப்ட்காரர் ஷாஃப்ட்டைத் தோளில் வைத்துக்கொண்டு முன்பக்கமாகவே போனார். கூடத்தில் தண்ணி லாரிக்காரர் முன்னால் நின்று, மஞ்சள் தாளை நீட்டினார். லாரிக்காரர் உதடு அசைய ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். முத்திரைக்கு வந்ததும் இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார்.

"உங்க எண்ணெய்ல தப்பில்லைங்க," என்றார் லிஃப்ட்காரர்.

"அது எனக்குத் தெரியும்."

"அன்னிக்கு நான்கூட உங்களை..."

"அதுவும் தெரியும். நீங்க பாத்த பார்வையும், நகந்து உக்காந்ததும் ஞாபகம் இருக்கு."

லிஃப்ட்காரருக்குத் தோளில் கனத்த ஷாஃப்ட்டைவிட இது கனத்தது. "தப்புதாங்க," என்றார். அதற்குப் படிவம் தேவைப்படவில்லை. "தாளை வெச்சுக்கங்க."

லாரிக்காரர் துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, எம்.டி.யின் கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். பழக்க தோஷத்தில் ரிசப்ஷன் பெண் கேட்டாள்:

"டோக்கன் எடுத்துட்டீங்களா அண்ணா?"

"இன்னிக்குத்தாம்மா எடுத்தேன்," என்று மஞ்சள் தாளை உயர்த்திக் காட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டாமல் திறந்தார்.